நானூற்றுப் பதினேழாவது மாதிரி

பேச்சித்தாய்க்குச் சூடு முதலில் முழங்கையில்தான் தெரிந்தது.

சோதனைக்கூடத்துக் கேன்டீனில் பதினோரு மணி டீக்கு வரிசை நின்றது. அடுப்போரம் நின்ற பேச்சித்தாய் பின்னால் நின்றவளிடம் திரும்பி ஏதோ வம்பு பேசிக்கொண்டே வலது கையை ஊன்றினாள். ஊன்றியது தோசைக்கல்லின் மேல். அவள் பேச்சு நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை. நாலு பேர் தள்ளி நின்ற ஜெயக்கனிக்குத்தான் வாடை எட்டியது. தோசை கருகுகிறது போல என்று எட்டிப் பார்த்தவள் போட்ட கூச்சலில் டீ மாஸ்டர் கையிலிருந்த குவளை கீழே விழுந்தது.

“ஏ பேச்சி! கை! கைய எடுட்டி!”

பேச்சித்தாய் கையைப் பார்க்கவே இல்லை. முழங்கையைத்தான் தேய்த்துவிட்டுக்கொண்டாள். “அதானக்கா, மொழங்கை ஏன் இப்பிடிச் சுடுதுன்னு பாத்தேன்” என்றாள். அப்புறம்தான் குனிந்து கல்லைப் பார்த்தாள். உள்ளங்கைத் தோல் அங்கே இருந்தது.

மத்தியானத்துக்குள் விபத்து அறிக்கை தயாராகிவிட்டது. அந்தச் சோதனைக்கூடத்தில் ஒரு திருகாணி வேண்டுமென்று எழுதிக்கொடுத்தால் மூன்று வாரம் ஆகும். ஒரு தொழிலாளி தலையில் பழியைக் கட்டுவதற்கு மூன்று மணி நேரம் போதும். ‘ஊழியரின் கவனக்குறைவு’ என்று இரண்டே சொல்லில் முடித்திருந்தார்கள். கீழே சோதனைப் பிரிவுத் தலைவர் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தது. அந்தத் தலைவர் ஜெயக்கனி. அவள் அந்தக் காகிதத்தை நான்காகக் கிழித்தாள். ஆத்திரம் தீராமல் எட்டாகவும் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, பேச்சித்தாயைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனாள்.

நரம்பு மருத்துவர் ரிஸ்வானா கட்டுப் போட்டு முடித்ததும் கையைப் படம் எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடியும் எடுத்தார். திரையில் விரல் நுனிகளில் தொடங்கி முழங்கை வரைக்கும் வெள்ளிச் சரிகை இழைகளைப் போல நூற்றுக்கணக்கான கோடுகள் ஓடின.

“என்ன வேலை பாக்குறீங்க?” என்று கேட்டார்.

“சட்டை ஒட்டுதேன் டாக்டர்.”

“தையல் வேலையா?”

“நான் சொல்லுதேன் டாக்டர்” என்று ஜெயக்கனி குறுக்கே வந்தாள். “ஆதிரைன்னு ஒரு தொலைநோக்கி. எட்டு நாடு சேந்து விண்வெளிக்கு அனுப்பப் போறாங்க. ஆதி நட்சத்திரங்களோட வெளிச்சம் நம்மகிட்ட வந்து சேரும்போது லேசான வெதுவெதுப்பா மட்டுந்தான் இருக்கும். அதப் படம் புடிக்கணும்னா கேமரா அதவிடக் குளுந்து கெடக்கணும். மைனஸ் எரநூத்தி நாப்பது டிகிரி. ஆனா கேமராவுக்குள்ள ஓடுத மின்சாரமே அதச் சூடாக்கிரும். அந்தச் சூட்ட வாங்கிக் கொண்டுபோய் இருட்டுல கொட்டதுக்கு ஒரு படலம் செஞ்சிருக்கோம். தலைமுடியவிட மெல்லிசு. பாக்கதுக்குப் பாம்பு உரிச்ச சட்டை மாதிரி இருக்கும். அதான் இவங்க சட்டைன்னு சொல்லுதாங்க.”

“அதக் கையாலயா ஒட்டுறாங்க?”

“வெறுங்கையால. கடுகளவு காத்துக்குமிழி உள்ள நின்னாலும் அந்த எடத்துல சூடு தேங்கிரும், கேமரா குருடாப் போயிரும். ஒழுங்கா ஒட்டுன எடத்துல வெரல வச்சா ஜில்லுன்னு இழுக்கும். குமிழி உள்ள எடம் இழுக்காது. இவங்க வெரலுக்கு அது தெரியும்.”

“அதக் கண்டுபிடிக்க மெஷின் கெடையாதா?”

“இருக்கு டாக்டர். படலம் ஒட்டுன ஒரு பலகைக்கு ஆறு நாள் ஆகும். இவங்க வெரலுக்கு ஆறு நிமிஷம்.”

ரிஸ்வானா பார்த்த பார்வையில் ஜெயக்கனிக்கு முகம் சுண்டிப்போனது.

“தொடுறதுக்கு முன்னாடி கைய எதுலயாவது கழுவுறீங்களா?”

“ஸ்பிரிட்ல. மூணு தடவ” என்றாள் பேச்சித்தாய். “எண்ணெய்ப் பசை இருக்கக்கூடாதுல்லா. கையெல்லாம் வெடிச்சுப்போவும்.”

“அந்த வெடிப்பு வழியாத்தான் போயிருக்கு. நரம்பு ஓரமா இழை இழையா ஏறிக்கிடக்கு. விரல்ல பட்ட சூட்ட நரம்புக்குத் தெரியறதுக்கு முன்னாடியே இழுத்துக் கொண்டுபோய் இழை முடியிற எடத்துல கொட்டுது. அதான் முழங்கை சுட்டிருக்கு.” ரிஸ்வானா திரையை அணைத்தார். “வேலைய நிறுத்திட்டா இது இதோட நின்னுடுமா?”

இந்தக் கேள்விக்கு உலகத்தில் பதில் தெரிந்த சில பேரில் ஜெயக்கனியும் ஒருத்தி. அந்தப் படலத்தின் பெருமையே அதுதான். சூடு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாகத் தன் இழைகளைத் தானே நீட்டிக்கொண்டு போகும். மாநாடுகளில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறாள்.

“நிக்காது” என்றாள். “சூட்டத் தேடித்தான் போவும்.”

“உடம்புல சூடு அதிகம் உள்ள எடம் நடு நெஞ்சும் வயிறும்தான்” என்றார் ரிஸ்வானா. பிறகு பேச்சித்தாயைப் பார்த்துத் தணிவாகச் சொன்னார். “பயப்படாதீங்கம்மா. கரைக்கப் பாக்கலாம். ஆனா இது எதுல செஞ்சதுன்னு எனக்குத் தெரியணும். கலவை தெரியாம மருந்து குடுத்தா நரம்பையும் சேத்துக் கரைச்சிரும். கலவை எழுதின தாள் ஒண்ணு கொண்டு வாங்க.”

“பதினோரு பேரு ஒட்டுதோம் டாக்டர்” என்றாள் பேச்சித்தாய். “எல்லாருக்கும் இப்பிடித்தான். டீ குடிச்சா மணிக்கட்டுல சுடுதுன்னு சொல்லிச் சிரிச்சுக்கிடுவோம்.”

திரும்பி வரும் வழியெல்லாம் ஜெயக்கனிக்குக் கோபம் ஆறவில்லை. அந்தக் கோபத்தில் பாதி தன் மேலேயேதான் என்பது அவளுக்குத் தெரியும், அதனால் அது இன்னும் கூடியது.

மூன்று வருடத்துக்கு முன்னால், கையுறை போட்டு ஒட்டிய பலகைகள் சோதனையில் வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்த காலம் அது. கையுறையே காரணம் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். ‘படலம் ஒட்டுவோர் வெறுங்கையால் மட்டுமே ஒட்டவும் தடவிச் சரிபார்க்கவும் வேண்டும்’ என்று செயல்முறைக் கையேட்டில் பதினாலாம் விதியாக எழுதியவளும் அவள்தான். மறுமாதமே பலகைகள் தேறின. அவளுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. எல்லாருக்கும் லட்டு கொடுத்தாள். அந்தப் பதினோரு பேரும் இரண்டிரண்டு எடுத்துக்கொண்டார்கள்.

கூடத்தின் இயக்குநர் அம்பலவாணன் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்பது போல இருப்பதில் அவர் கெட்டிக்காரர்.

“அந்தம்மாவுக்குச் சர்க்கரை இருக்கா?”

“இல்ல சார்.”

“பாத்தாங்களா? சர்க்கரை இருந்தா கை மரத்துப் போகும்.”

“மொழங்கைல சுடுமா சார்? டீ குடிச்சா மணிக்கட்டுல சுடுமா?”

“ஜெயக்கனி, உக்காருங்க. உள்ள இருக்கிறது நம்ம படலம்தான்னு யார் சொன்னது? வீட்ல என்னென்னத்த வச்சுப் பாத்திரம் தேய்க்கிறாங்களோ, யார் கண்டா?”

“வீட்ல வெள்ளி இழையா சார் வச்சிருக்காங்க?” ஜெயக்கனி உட்காரவில்லை. “எனக்கு ஒண்ணும் வேண்டாம். கலவை என்னன்னு ஒரு தாள். டாக்டர்ட்ட குடுத்துட்டு வந்திருதேன்.”

“அது மட்டும் கேக்காதீங்க. எட்டு நாட்டுக் கூட்டமைப்புக்கே நாம குடுக்கல. நம்ம படலத்தோட இன்னும் ரெண்டு நாட்டுப் படலம் போட்டில இருக்கு. நம்ம பொருளை அவங்க எழுத்துல கேட்டு, நானும் உறுதிமொழித் தாள்ல கையெழுத்துப் போட்டாத்தான் கலவைக் கோப்பு திறந்து அவங்களுக்கும் மாதிரியைப் பராமரிக்கிறவருக்கும் போகும். அதுவரைக்கும் திறக்கிறதுக்கு எனக்கே அதிகாரம் இல்ல.” அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “இன்னொண்ணு. இதுதான் காரணம்னு ஆயிடுச்சுன்னா, விதி பதினாலு எழுதினது யாருன்னு கேப்பாங்க. யோசிச்சுப் பாருங்க.”

“நான்தான்னு சொல்லுதேன்.”

“சொல்லாதீங்க” என்றார் அவர், ஏதோ அவளுக்கு நல்லது செய்கிறவர் மாதிரி. “அந்தப் பதினோரு பேரையும் அடுத்த மாசம் மாத்திடலாம். விரல் மரத்தவங்களால குமிழி கண்டுபிடிக்கவும் முடியாது. வேற ஆள் எடுத்துக்கலாம்.”

ஜெயக்கனி வெளியே வந்து கதவைச் சாத்திய சத்தம் வெற்றிட அறை வரைக்கும் கேட்டதாகப் பிறகு பேசிக்கொண்டார்கள். வேற ஆள்! தேய்ந்துபோன சாணைக்கல்லை மாற்றுவது போலச் சொல்லிவிட்டார். நேரே படலம் ஒட்டும் அறைக்குப் போனாள். பேச்சித்தாய் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவளுக்கு விடுப்புக் கொடுக்கவில்லை.

“குடுக்க மாட்டாராக்கா?”

“மாட்டாராம். உள்ள இருக்கது நம்ம படலமே இல்லங்காரு.”

“சோதிச்சுப் பாத்தாத் தெரிஞ்சிட்டுப் போவுது. இங்க எத வேணும்னாலும் சோதிக்கீங்கல்லா.”

“ஆளச் சோதிக்க முடியாது பேச்சி. மேசைல ஏத்தணும்னா மாதிரி எண் வேணும்.”

“பல்லிக்கே நம்பர் போட்டீங்க” என்றாள் பேச்சித்தாய். “எனக்குப் போட மாட்டீங்களாக்கும்.”

ஜெயக்கனி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பல்லி விஷயம் உண்மைதான். அந்தக் கூடத்தின் வழக்கம் அப்படி. தோற்றுப்போன மாதிரிகளை எங்கேயோ ஒருவன் ஒளித்துவைத்து, அதனால் ஒரு செயற்கைக்கோள் பாழானதற்குப் பிறகு எட்டு நாடுகளும் சேர்ந்து கட்டிய கட்டுப்பாடு அது. சோதனை மேசைமேல் எது ஏறினாலும் அதற்கு எண் வேண்டும். எண் வாங்கியதைச் சோதிக்காமல் விடக்கூடாது. சோதித்ததை யாராலும் அழிக்க முடியாது. முடிவு அன்றைக்குச் சாயங்காலமே எட்டு நாட்டுக்கும் தானாகப் போய்விடும். ஒருமுறை வெற்றிட அறைக்குள் ஒரு பல்லி புகுந்து உறைந்து செத்துக் கிடந்தது. கணினி அதையும் ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு 203 என்று எண் போட்டுவிட்டது. வேறு வழியில்லாமல் அதற்கும் சோதனை நடத்தி, வகை என்ற கட்டத்தில் ‘பல்லி’ என்று எழுதி அனுப்பினார்கள். பல்லியின் வெப்பம் கடத்தும் திறன் இன்றைக்கும் எட்டு நாட்டுக் கோப்புகளில் பத்திரமாக இருக்கிறது. அதை ஏன் அனுப்பினீர்கள் என்று ஒரு நாடும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பேச்சித்தாயை நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டச் சொன்னாள் ஜெயக்கனி. வலது கையில் புண் இருந்ததால் இடது கையை எடுத்துக்கொண்டாள். மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் வெப்ப உணரிகளை ஒவ்வொன்றாக ஒட்டினாள். ஒட்டும்போது தலையைத் தூக்கவில்லை.

“வெறுங்கை விதிய எழுதினது நான்தான் பேச்சி.”

“தெரியும்.”

“எப்பத்திலேருந்து?”

“அன்னைக்கே தெரியும். கையேட்டுல அடியில ஒங்க பேரு போட்டிருக்குல்லா. நாங்க படிக்க மாட்டோம்னு நெனச்சீங்களாக்கும்.”

“தெரிஞ்சுமா எங்கூடப் பேசிட்டிருந்த?”

“பேசாம என்ன செய்ய? இத யாருட்டயாவது கேக்கணும்னா ஒங்களத்தான கேக்க முடியும்.” பேச்சித்தாய் தன் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள். “மன்னிச்சிட்டேன்னு நெனச்சிராதீங்க. எம்மவ காய்ச்சல்ல கெடந்தா நெத்தியத் தொட்டா எனக்கு ஒண்ணும் தெரியல. கன்னத்த வச்சுப் பாக்கேன். சரி, ஆரம்பிங்க.”

விரல் நுனிகளை நாற்பத்திரண்டு டிகிரித் தகட்டின் மேல் வைக்கச் சொன்னாள். திரையில் கோடு எழுந்தது. ஜெயக்கனி இதுவரைக்கும் அப்படி ஒரு கோட்டைப் பார்த்ததில்லை. விரலில் பட்ட சூடு கண்ணை மூடித் திறப்பதற்குள் முழங்கையில் போய் நின்றது. ஆய்வகத்தில் வார்த்த எந்தப் படலமும் இதில் பாதிகூடக் கடத்தியதில்லை. உயிருள்ள உடம்பில், மூன்று வருடம், சூட்டின் போக்கிலேயே வளர்ந்ததால் இழைகள் ஒன்றுகூடப் பிசகாமல் வரிசைகட்டி நின்றிருக்கின்றன. எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்று ஒரு கணம் நினைத்துவிட்டாள். நினைத்த மறுகணம் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

படிவத்தை அவளே நிரப்பினாள். ஒரு சொல்லும் ஒளிக்கவில்லை. மாதிரி எண் 417. வகை: உயிருள்ள மனிதக் கை, இடது, விரல் நுனி முதல் முழங்கை வரை. உரியவர்: பேச்சித்தாய், வயது முப்பத்தெட்டு, படலம் ஒட்டுநர், மூன்று ஆண்டுப் பணி. உருவான விதம்: செயல்முறைக் கையேடு, விதி 14. மாதிரியைப் பராமரிப்பவர்: டாக்டர் ரிஸ்வானா, அரசு மருத்துவமனை. மூன்றாம் பக்கம் முழுக்க அந்தத் தோசைக்கல் கதையை எழுதினாள். பேச்சித்தாய் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். சாயங்காலம் அது எட்டு நாட்டுக்கும் போனது.

திங்கட்கிழமைக்குள் உலகமே இடிந்து விழும் என்று ஜெயக்கனி எதிர்பார்த்தாள். விழவில்லை. செவ்வாயும் விழவில்லை. புதன்கிழமை காலை பதில் வந்தது.

‘மாதிரி 417-இன் வெப்பக் கடத்தல் இதுவரை நாங்கள் பரிசோதித்த அனைத்தையும் விஞ்சுகிறது. உங்கள் குழுவுக்கு மனமார்ந்த பாராட்டுகள். ஆதிரையின் கேமராவுக்கு இதையே தேர்ந்தெடுக்கப் பரிந்துரைக்கிறோம். மேற்கொண்டு சோதிக்க இதே தரத்தில் மேலும் ஆறு மாதிரிகள் தேவை. தூசி படாமல் உறையிட்டு அனுப்பவும்.’

ஜெயக்கனி அதை மூன்று முறை படித்தாள். உறையிட்டு! எட்டு நாட்டில், அத்தனை பெரிய படிப்புப் படித்தவர்களில், ஒருத்தர்கூட மூன்றாம் பக்கத்தைத் திருப்பவில்லை. கோடு மேலே போகிறதா, கீழே போகிறதா, அதை மட்டும் பார்த்திருக்கிறார்கள். பல்லியைப் படிக்காதவர்கள் பேச்சித்தாயை மட்டும் படித்துவிடுவார்களா? அவள் மேசையில் ஓங்கிக் குத்தினாள். அவளுடைய கை நன்றாக வலித்தது. அந்த வலியும் அப்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பத்து நிமிடத்தில் அம்பலவாணன் அவள் அறைக்கே வந்தார். மூன்று வருடத்தில் அவர் அந்த அறைக்கு வந்தது அதுதான் முதல் முறை. கையில் அல்வாப் பொட்டலம்.

“என்ன ஜெயக்கனி, கமுக்கமா இருந்துட்டீங்களே! இப்படி ஒண்ணு செஞ்சு வச்சிருக்கீங்கன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. எந்த வார்ப்பு இது? புதுசா?”

ஜெயக்கனி அவர் முகத்தைப் பார்த்தாள். இவரும் படிக்கவில்லை. தன் கூடத்திலிருந்து போன அறிக்கையை, தன் மேசைக்கு வந்த நகலை, இவரும் படிக்கவில்லை.

“மூணாம் பக்கத்துல எல்லாம் எழுதியிருக்கு சார். படிங்க.”

“படிக்கலாம், படிக்கலாம். நாளைக்குப் பதினோரு மணிக்கு எட்டு நாட்டுக் குழுவும் திரையில வராங்க. அதுக்கு முன்னாடி உறுதிமொழித் தாள்ல கையெழுத்துப் போடணுமாம்.” கையில் வைத்திருந்த தொடுதிரையை நீட்டி அவரே வாசித்தார். “‘மாதிரி 417 முழுக்க எங்கள் கூடத்திலேயே, எங்கள் செயல்முறைப்படியே உருவானது. வெளியிலிருந்து எதுவும் சேரவில்லை. அதன் விளைவுகள் அனைத்துக்கும் கூடமே பொறுப்பு.’ சரிதானே? வேற யாரும் பங்கு கேட்டு வரமாட்டாங்களே?”

“வரமாட்டாங்க சார். முழுக்க இங்கதான் உருவாச்சு.” தன் குரல் இத்தனை நிதானமாக வரும் என்று ஜெயக்கனியே எதிர்பார்க்கவில்லை. “ஆனா படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

“உங்களை நம்பாமலா?” என்று சிரித்தார் அம்பலவாணன். விரலால் கையெழுத்துப் போட்டார். சின்னதாக ஒரு மணி ஒலித்தது. கலவைக் கோப்பு திறந்து எட்டு நாட்டுக்கும், மாதிரியைப் பராமரிப்பவர் என்ற பேரில் டாக்டர் ரிஸ்வானாவுக்கும் போனது. அது போனதை அவர் கவனிக்கவில்லை. அல்வாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பத்தே முக்காலுக்கு ரிஸ்வானா கூப்பிட்டார். “ராத்திரி முழுக்கப் படிச்சேன். கரைக்கலாம். ஆறு மாசம் ஆகும். நெஞ்சுக்குப் போக விடமாட்டேன்.” கொஞ்சம் தயங்கினார். “ஆனா விரல்ல சூடு குளிர் திரும்பத் தெரியுமான்னு கேட்டா, தெரியாது. அந்த நரம்பு முடிஞ்சுபோச்சு. அவங்ககிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

“நானே சொல்லுதேன்” என்றாள் ஜெயக்கனி. அது அவள் சொல்ல வேண்டியதுதான். கூட்ட அறைக்குப் போகும் நடைபாதையில் வைத்துச் சொன்னாள். பேச்சித்தாய் கேட்டுக்கொண்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

பதினோரு மணிக்குப் பெரிய திரையில் எட்டு முகங்கள் வந்தன. ஒருவர் பேசுவது மற்றவர்களுக்கு அவரவர் மொழியில் கேட்பதற்கு மொழிபெயர்ப்புக் கருவி வைத்திருந்தார்கள். அம்பலவாணன் கோட்டுப் போட்டிருந்தார். நம் மண்ணின் பெருமை, மூன்று ஆண்டு உழைப்பு, குழுவின் தியாகம் என்று பத்து நிமிடம் பேசினார். தியாகம் என்ற சொல் வந்தபோது ஜெயக்கனி பல்லைக் கடித்தாள்.

“மாதிரியைப் பார்க்கலாமா?” என்று திரையில் இருந்த நரைமுடிக்காரப் பெண் கேட்டார். கேமராக் குழுவின் தலைவர் அவர்தான்.

“கொண்டு வாங்க ஜெயக்கனி” என்றார் அம்பலவாணன்.

ஜெயக்கனி போய்க் கதவைத் திறந்தாள். பேச்சித்தாய் உள்ளே வந்தாள். பின்னாலேயே இன்னும் ஆறு பேர் வந்து சுவரோரம் வரிசையாக நின்றார்கள். மற்ற நாலு பேரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பேச்சித்தாய் நேரே மேசைக்குப் போய், கட்டுப் போட்ட கையையும் கட்டுப் போடாத கையையும் விளக்கு வெளிச்சத்தில் வைத்தாள்.

“நான்தான் நானூத்திப் பதினேழு” என்றாள். “மேக்கொண்டு ஆறு கேட்டீங்களாம். அவுக அந்தா நிக்காவ. உறையிலதான் போடல.”

கருவி அதை எட்டு மொழியிலும் சொல்லி முடித்தது. நரைமுடிக்காரப் பெண் பக்கத்தில் எதையோ இழுத்துப் புரட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாம் பக்கத்தில் அவர் கை நின்றது. படித்துக்கொண்டே போனவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

“இது... இது நிர்வாகத்துக்குத் தெரியாம நடந்த விஷயம்” என்று அம்பலவாணன் எழுந்தார். முகத்தில் ஈயாடவில்லை. “இவங்களுக்குச் சர்க்கரை நோய். வீட்டு வேலையில ஏதாவது... எங்க கூடத்துக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.”

இன்னொரு கட்டத்தில் இருந்தவர் ஒரு தாளைத் திரைக்குக் கொண்டுவந்தார். முழுக்க எங்கள் கூடத்திலேயே உருவானது, வெளியிலிருந்து எதுவும் சேரவில்லை, விளைவுகள் அனைத்துக்கும் கூடமே பொறுப்பு. கீழே அம்பலவாணனின் கையெழுத்து, வால் நீட்டி, ஆள் உயரத்துக்குத் தெரிந்தது.

“அதுக்குக் கீழ இன்னொண்ணையும் போடுங்க” என்றாள் ஜெயக்கனி. தன் குரல் உடைவது தெரிந்தும் நிறுத்தவில்லை. “விதி பதினாலு. வெறுங்கையால ஒட்டணும்னு எழுதினது நான். ஆறு நாள் மிச்சமாகும்னு எழுதினேன். அதுலயும் கையெழுத்து இருக்கு. அதையும் போடுங்க.”

போட்டார்கள். இரண்டு கையெழுத்தும் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றன. பேச்சித்தாய் இரண்டையும் ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.

நரைமுடிக்காரப் பெண் வெகுநேரம் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்திருக்கும். கடைசியில் ஒன்றைத்தான் கேட்டார். கருவி அதைத் தன் கட்டைக்குரலில் தமிழில் சொன்னது.

“வலிக்கிறதா?”

பேச்சித்தாய் கைகளை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

“வலிச்சா நல்லாருக்கும்” என்றாள்.